மாய் லா

புதன்கிழமை மகளுக்குக் கணக்கு டியூஷன்.
ஏழரையிலிருந்து ஒன்பது வரை
மோட்டாரிலேயே உட்கார்ந்திருப்பேன்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
கழற்றினால் யாராவது பேசிவிடுவார்கள்.

எதிரே சமூக மண்டபம்.
பூப்பந்து மட்டைச் சத்தம்
வெளியே நிற்கும் செம்பனைக் குலை லாரி வரை வரும்.
உள்ளே நான்கு பெண்கள். எனக்குத் தெரிந்தவர்கள்தாம்.
கிளினிக்கில் அட்டை எழுதும் சுராயா,
இரும்புக் கடை ஸ்யூ யின்,
பள்ளிக் கேண்டீன் ரொஹானா,
பெயர் தெரியாத சிவப்பு முட்டிப்பட்டைக்காரி.
தெரிந்தவர்கள் என்றால்
மருந்து வாங்கியிருக்கிறேன், ஆணி வாங்கியிருக்கிறேன்,
மீதிச் சில்லறைக்கு நிற்காமல்
வந்திருக்கிறேன்.

பீடோங்குக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.
லயத்தை இடித்து அடுக்குவீடு கொடுத்தபோது வந்தது.
கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் வேலை.
காற்றடைத்து விளக்கில் காட்டு,
நல்லதற்குத் தலையாட்டு, கெட்டதை வீசு.
எட்டு மணி நேரத்துக்கு ஒரு வார்த்தை செலவில்லை.
சம்பளம் ஏறிய வருடம்கூட
தலையாட்டித்தான் வாங்கினேன்.

ஒரு புதன், சிவப்பு முட்டிப்பட்டை வரவில்லை.
ரொஹானா வாசலுக்கு வந்து கையசைத்தாள்:
மாய் லா!

கெடாக்காரர் வாயில் அது 'வா'.
நம் வாயில் 'செத்துப் போ'.
இரண்டையும் சேர்த்துக் கேட்ட காதோடு
டியூஷன் மாடியைக் காட்டினேன், வயிற்றைக் காட்டினேன்,
ஏனோ பெட்ரோல் மீட்டரையும் காட்டினேன்.

அடுத்த புதனும் கூப்பிட்டாள்.
மழை என்றேன். தூறல்கூட இல்லை.

அதற்கடுத்த புதன்
கூப்பிடவில்லை.
மூன்று பேரே ஆடினார்கள், ஒரு மூலையைக் காலியாக விட்டு.
அந்த மூலைதான் என்னை இறக்கியது.

ஹெல்மெட்டோடு வாசல் தாண்டினேன்.
யாரும் சிரிக்கவில்லை. ஸ்யூ யின் மட்டும் சிரித்தாள்.
சப்பாத்து இல்லை; வெறுங்காலில் சிமெண்டு சில்லிட்டது.
கொடுத்த மட்டையின் பிடியில்
வேறொருத்தியின் ஈரம்.
முதல் பந்து எனக்குக் கிடைக்கவே இல்லை.
இரண்டாவது சுராயாவின் முதுகில்.
சாரி என்றேன். அவளும் சாரி என்றாள்,
எதற்கென்று தெரியாமல்.

பிறகு என் சர்வீஸ்.
போடுகிறவள்தான் புள்ளியை உரக்கச் சொல்ல வேண்டுமாம்.
எண் தெரியாதா? மலாயில் தெரியும்,
சீனத்தில் பத்து வரை தெரியும்.
வாயில்தான் யாரோ துணி திணித்திருந்தார்கள்.
வலைக்கு அந்தப் பக்கம் இருவர்
முழங்கால் மடித்துக் குனிந்து காத்திருந்தார்கள்.
நான் சொன்னால்தான் அசைவார்கள்.
இத்தனை வருடத்தில்
என் குரலுக்காக யாரும் அப்படி நின்றதில்லை.

தீகா, லாப்பான்.
ரொஹானா காதருகே கையைக் குவித்தாள்.

தீகா! லாப்பான்!
தகரக் கூரை அதை வாங்கிக்கொண்டு
எனக்கே திருப்பி அனுப்பியது.
யாரடி இவள்,
இவ்வளவு கட்டைக் குரல்?

இருபத்தொன்றுக்கு ஆறு. தோற்றோம்.
அந்த ஆறில் ஒன்று, பந்து மட்டையின் கட்டையில் பட்டுத்
தானாகவே விழுந்தது.

தண்ணீர் போத்தலை நீட்டியபடி ஸ்யூ யின் கேட்டாள்:
காசு வாங்காமல் ஓடுகிறவள் நீதானே?
நாலு வெள்ளி அறுபது காசு
உனக்கென்று டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.
பெயர் தெரியாததால்
டப்பாவில் 'ஆணி' என்று எழுதியிருக்கிறாளாம்.

பவளக்கொடி, என்றேன்.
மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றும் வேறு வேறு.

ஒன்பதே காலுக்கு மகள் வாசலில்.
"யாரும்மா அப்படிக் கத்தினது?
மாடியில சார் பாடத்தையே நிறுத்திட்டாரு."
நான்தான்.
"சும்மா சொல்லாதம்மா."

ஹெல்மெட்டை உள்ளேயே விட்டு வந்திருந்தேன்.
எடுக்கப் போனபோது
நால்வரில் ஒருத்தியாக வலையைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.
வழியெல்லாம் கெண்டைக்கால் வலி.
சப்பாத்து
என்ன விலை இருக்கும்?